மூக்குப் பாரம்

“சுமாருன்னு ஒரு எடைக்கல் உண்டோ? இருந்தா காமியுங்கோ.”

எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் சரி, ‘சுமாரா’ என்று வாயைத் திறந்தால் அவர் இதைத்தான் கேட்பார். கேட்டுவிட்டு உண்மையிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பார், நாம் சட்டைப்பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்துக் கொடுக்கப் போகிறோம் என்பது மாதிரி. அந்த நீட்டின கையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறும்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் போனில் ‘கொக்கி’ என்று பதிந்து வைத்திருந்தேன். குர்லாவில் ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை வரிசை இருந்தது. அதில் கடைசிக் கொட்டகை அவருடையது. ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டி இழுக்கிறார்கள் இல்லையா, அந்த ரெண்டையும் சேர்க்கிற கொக்கியைச் செய்வதும் மாட்டுவதும்தான் தொழில். மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் ஆபீசில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கிவிட்டார்கள். இவர் மட்டும் விக்ரோலியில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் எடை பார்க்கிற பிரிவில் இருந்து ரிட்டயராகி, வெல்டிங் கண்ணாடியோடு இங்கே வந்து உட்கார்ந்தவர். நெற்றியில் சந்தனம், இடுப்பில் காக்கி அரைக்கால் சட்டை, காதில் ஒரு பென்சில். அவ்வளவுதான் ஆள்.

நான் தாராவிக்காரன். இட்லி மாவு அரைத்து என் ஜீப்பில் ஏற்றிச் செம்பூரில் ஓட்டல்களுக்குப் போடுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் இருபத்தைந்து வருஷமாக வண்டியில் பாரம் ஏற்றுகிறவன். மூட்டையைத் தொட்டுப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வத்தோடுதான் அவரிடம் போனேன்.

போனதற்குக் காரணம் என் மனைவி.

அவளுக்குச் சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டுவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அது வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்கிற டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நாலு தடவை பை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூக்கு வாயை மூடிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கை கழுவித்தான் தொடலாம். தூசி பட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும்.

எங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு குளக்கரையில், பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத பொட்டலில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு அங்கே போய் நிற்காமல் எங்கள் வீட்டில் ஒரு வருஷமும் கழிந்ததில்லை. குழாய் வைத்த முதல் வருஷமும் போனோம், ரயிலில். பெர்த்தைச் சுற்றி போர்வையைக் கட்டி அதற்குள் பை மாற்றினாள். மதுரை தாண்டும்போதே காய்ச்சல். சாஸ்தாவைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியைத்தான் பார்த்தோம். பன்னிரண்டு நாள். அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு அவள் நேர்ந்தாள்: ‘பொழைச்சு எந்திரிச்சா அடுத்த உத்திரத்துக்கு உன் வாசல்ல மாவிளக்கு ஏத்துதேன்.’

பிழைத்துவிட்டாள். டாக்டர் ரயில் கூடாது என்றார். “சாத்தினா தூசி வராத ஒரு அறை கூடவே வந்தா போலாம்” என்று ஏதோ நடக்காததைச் சொல்கிற மாதிரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தாணேயில் ஒருத்தர் சுற்றுலா ஆட்களை மலைக்குக் கூட்டிப் போகிற ட்ரெய்லர் ஒன்றை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு வாங்கிவிட்டேன். ரெண்டு படுக்கை, கை கழுவத் தொட்டி, இறுகச் சாத்துகிற கதவு. உள்ளே நின்று பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காக இன்னும் நாலு ட்ரெய்லர் வாங்கலாம்.

தாணேயிலிருந்து ஓட்டி வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. ட்ரெய்லரின் மூக்கு, அதாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சட்டம், ஜீப்பின் பிட்டத்தில் உட்கார்ந்து அமுக்குகிறது. ஜீப் முன்னால் தூக்கிக்கொள்கிறது. ஸ்டீயரிங் பிடித்தால் ரோட்டைப் பிடித்த மாதிரியே இல்லை. பக்கத்தில் ஒரு பஸ் போனால் பின்னால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. தெரிந்த டிரைவர்களிடம் கேட்டேன். வெறும் கொக்கி போதாது, அடியில் ரெண்டு இரும்புக் கம்பி வைத்த கொக்கி வேண்டும், அந்தக் கம்பி நெம்பிக் கொடுத்துப் பாரத்தை ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் ட்ரெய்லர் சக்கரத்துக்கும் பங்கு போடும் என்றார்கள். கம்பியில் மெலிசு, நடுத்தரம், தடிசு என்று மூன்று தினுசு. “குர்லாவுல கடைசிக் கொட்டகை. வேலை சுத்தம். ஆனா ஆளு உசிரை எடுப்பாரு” என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை.

உத்திரத்துக்கு அப்போது சரியாக ஆறு வாரம்.

“சார், இந்தத் தடிசு கம்பியையே மாட்டிருங்க” என்றேன்.

அவர் ட்ரெய்லரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். சாத்தினார். “காலியா இருக்கே.”

“ஆமா சார். கொக்கி மாட்டிட்டு அப்புறம்லா சாமான் ஏத்தணும்.”

“காலி வண்டிக்குக் கொக்கி சொல்றவன் நான் இல்லை. ரொப்பிண்டு வாங்கோ.”

“என்ன சார், சுமாரா ஒரு தொள்ளாயிரம் கிலோ வரும்னு வைங்களேன்…”

கை நீண்டது. “சுமாருன்னு ஒரு எடைக்கல் உண்டோ?”

பக்கத்தில் டீ கொண்டு வந்தவன் சிரித்தான். அவனையும் அவர் விடவில்லை. முந்தின நாள் ‘பத்து டீ இருக்கும்’ என்று சொன்னானாம். “இருக்கும்னா? குடிச்ச தம்ளர் பத்தா, பதினொண்ணா?” என்று கேட்டு, பதினொன்று என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் விட்டாராம். ஒரு டீ கூடப் போனது அவருக்குத்தான் நஷ்டம், அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ரொப்பிக்கொண்டு வருவது என்றால் என்ன என்று தாராவியில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் சந்துக்குள் ட்ரெய்லர் நுழையாது. தொண்ணூறு அடி ரோட்டில் நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தலையில் சுமக்க வேண்டும். மறுபடி வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். நான் என்ன செய்தேன், மருந்துப் பெட்டிகளுக்குப் பதிலாக அரிசி மூட்டை ரெண்டு, பாத்திரத்துக்குப் பதிலாக மாவுக்கடைச் சாமான் என்று கண்ணளவில் போட்டுக்கொண்டு ரெண்டு வாரம் கழித்துப் போனேன்.

அவர் உள்ளே ஏறினார். அரிசி மூட்டையைத் தட்டினார்.

“இது என்ன?”

“மருந்துப் பெட்டிக்குப் பதிலு சார். அதே எடைதான்.”

“அதே எடை. போட்டுப் பாத்தேளா?”

“தூக்கிப் பாத்தேன் சார். இருபத்தஞ்சு வருசமா தூக்குதேன்.”

“உங்க தோள்ல முள்ளு இருக்கா, தராசு மாதிரி?” என்று என் தோளையே குனிந்து பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். “கூட யார் வரா?”

“நானும் வீட்டுக்காரியும்.”

“அவா எங்கே?”

“வீட்டுல சார். உடம்புக்கு முடியாதவ. அவளை எதுக்கு இங்க…”

“ஜீப்புல உக்கார்றவாளும் பாரம்தானே? முன்னாடி எத்தனை தூக்கறதுன்னு தெரிய, முன் சக்கரத்துக்கு மேல தகடு தரையிலேந்து எத்தனை உசரம்னு நான் டேப் வச்சு அளக்கணும். உக்காரணும் அவா. ரொப்பிண்டு வாங்கோ.”

நாலு வாரம்தான் இருக்கிறது, நேர்த்திக்கடன், நோயாளி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். காது கொடுத்துத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் “அதுக்குத்தான் சொல்றேன்” என்றார். அவ்வளவுதான். காதில் இருந்த பென்சிலை எடுத்து வேறொருத்தர் வண்டிக்குப் போய்விட்டார்.

வெளியே டீக்காரனிடம் புலம்பினேன். முன்னாடி எப்போதோ இவர் எடை பார்க்காமல் விட்ட வண்டி மலையில் கவிழ்ந்திருக்கும், அதனால்தான் இப்படி என்று ஒரு பேச்சு இருப்பதாக அவன் சொன்னான். எனக்கும் சரி என்று பட்டது. பின்னால் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். “அப்படி ஒண்ணும் இல்லையே. எடை போடாம சொன்னா அது பொய். அவ்வளவுதான்” என்றார். ஒரு கதை இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். கதையும் இல்லை.

அன்றைக்கு அந்தக் கோபத்தோடு வரிசையின் இந்தக் கோடியில் இருந்த இன்னொரு பட்டறைக்கு வண்டியைத் திருப்பினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் “ஹோ ஜாயேகா” என்றான். ஆகிவிடும். எது கேட்டாலும் ஹோ ஜாயேகா. தடிசு கம்பியா? ஹோ ஜாயேகா. இன்றைக்கேவா? ஏக் கண்ட்டே மே ஹோ ஜாயேகா. இந்தப் பம்பாயில் முப்பது வருஷமாக என்னைத் தூக்கி நிறுத்தின வார்த்தை அது. காதுக்கு அமிர்தம் மாதிரி இருந்தது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு மாட்டச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஆகியும்விட்டது.

மறுநாள் தாணே வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். வால் ஆடவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு போகிற மாதிரி. வாரக் கடைசியில் குனிந்து பார்த்தால் ட்ரெய்லர் மூக்குச் சட்டத்தில் ஒரு முடி அளவுக்கு விரிசல். தடிசு கம்பி வளைந்து கொடுக்காமல் சட்டத்தையே முறிக்கப் பார்த்திருக்கிறது. பெரியது என்றால் நல்லது என்று நினைத்தேன். எங்கள் ஜனங்களுக்கு உள்ள புத்திதானே.

விரிசலை என் மனைவியும் குனிந்து பார்த்தாள். “அந்தக் குர்லாக்காரரு என்னமோ ரொப்பிட்டு வரச் சொன்னாருன்னு சொன்னீயளே. வாங்க, ரொப்புவோம்” என்றாள்.

“ஏளா, அந்த ஆளு மனுசனே இல்ல. ஒரு வார்த்த கேட்டா ஒன்பது கேள்வி கேப்பான்.”

“கேக்கட்டும். நான் தெனமும் காலையில மிசின்ல ஏறி நிக்கேம்லா. டாக்டரு போன் போட்டு ‘சுமாரா எப்படி இருக்கீங்க’ன்னா கேக்காரு? எத்தனை கிலோன்னுல்லா கேக்காரு.”

அது உண்மை. அவளுக்கு ஒரு கிலோ கூடினால் உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் தினமும் எடை மிஷினில் ஏறி நோட்டில் எழுதுவாள். போகிற இடத்துக்கெல்லாம் அந்த மிஷினும் வரும்.

ஆக, எல்லாவற்றையும் ஏற்றினோம். நிஜ மருந்துப் பெட்டி, நிஜத் தண்ணீர், நிஜத் துணிமணி. சாமி சாமானை நான் என் கையால் வைத்தேன். பொங்கல் வைக்கிற வெண்கல உருளி, ரெண்டு குத்துவிளக்கு, மணி, மாவிளக்குக்குப் பச்சரிசி, வெல்லம், எண்ணெய் டின், எல்லாம் ட்ரெய்லரின் முன்பக்க அலமாரியில். சாமிக்கு உரியதைப் பின்னால் வைப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. பின்பக்கம் கழிவுத் தொட்டி வேறு இருக்கிறது. அதற்கு அடுத்து மருந்துப் பெட்டிகள், அவளுக்கு உயிர் மாதிரி அதுவும் என்று அதையும் முன்னாலேயே அடுக்கினேன்.

உத்திரத்துக்குப் பதினாறு நாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விரிசலைப் பார்த்தார். அந்தத் தடிசு கம்பியைப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் தீப்பொறி பறக்க அதை அறுத்து எடுத்துத் தூரப் போட்டார். திட்டியிருக்கலாம். திட்டாதது இன்னும் எரிச்சல்.

விரிசலை மேல்தகடு வைத்து அடைத்த பிறகு ட்ரெய்லர் மூக்கை எடை போடுகிற வேலை. அவருடைய தராசு ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். வந்தால்தான் முடியும் என்றார். எத்தனை நாள் என்றால் “சரியாத் தெரியாம சொல்லப்படாது.” நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் மனைவி ஜீப்பிலிருந்து தன் எடை மிஷினை எடுத்து நீட்டினாள்.

“இது ஆகுமா சார்? நூத்தி இருபது கிலோ வரைக்கும் காட்டும்.”

அவர் அதை ரெண்டு கையாலும் வாங்கினார். பிரசாதத்தை வாங்குகிற மாதிரி இருந்தது. “மூக்கு நூத்தி இருபதைத் தாண்டும். ஆனா வழி இருக்கு.” நீளமான பலகை ஒன்றைக் கொண்டுவந்து ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை மிஷின் மேலும் வைத்தார். செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி மூக்கை இறக்கினார். “மிஷின்ல வர்றது மூணுல ஒரு பங்கு, கேட்டேளா. அதை மூணால பெருக்கணும்.”

“பலகை எடையைக் கழிக்கணும்லா சார்?” என்றாள் என் மனைவி.

அந்த மனுஷன் முகத்தில் நான் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்க இத்தனை நாளா இவாளை ஏன் கூட்டிண்டு வரலை?” என்றார். ரெண்டு பேரும் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். நான் யாரோ மாதிரி ஒதுங்கி நின்றேன்.

“பலகை போக எழுவது” என்றாள்.

“எரநூத்திப் பத்து கிலோ மூக்குல” என்றார் அவர். “இந்த வண்டிக்கு நூத்தி இருவதுதான் கூடும். இதுக்கு எந்தக் கம்பி மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. முன்னாடி அலமாரியில என்ன?”

“சாமி சாமான்” என்றேன்.

“நடுவுல வையுங்கோ. சக்கரத்து அச்சுக்கு நேர் மேல.”

எனக்கு அத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வெடித்தது. “சார், நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டேன். மூணு தடவை தலையில சுமந்தேன். நோயாளியைக் கொண்டுவந்து உக்கார வச்சேன். ஆனா சாமி சாமானு முன்னாலதான் போகும். கழிவுத் தொட்டிப் பக்கமா நகட்டச் சொல்லுதீயளே, நீங்களும் சந்தனம் வைக்கிற ஆளுதானே?”

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நெற்றியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். “சாமியைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அச்சைப் பத்திச் சொல்றேன்” என்று பென்சிலைக் காதில் சொருகினார்.

என் மனைவி ஜீப்பின் படியில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். “இங்க பாருங்க. கோயில்ல சாமி எங்க இருக்காரு? வாசல்லயா? நடுவுல, கருவறைக்குள்ளதானே. வெளி வாசல்ல காவலுக்கு நிக்கிறதுக்கா அவரைக் கூட்டிட்டுப் போறோம்?”

உருளியை நானே நடுவில் தூக்கி வைத்தேன். மருந்துப் பெட்டிகளை அவர் எண்ணினார். பாதியை அச்சுக்கு முன்னால், பாதியைப் பின்னால் வைக்கச் சொன்னார். “பை தீரத் தீர எடை குறையும். ஒரு பை முன்னாலேந்து எடுத்தா அடுத்தது பின்னாலேந்து எடுக்கணும். அப்பதான் மூக்கு மாறாது. மறக்கப்படாது.” அவர் என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார். அவள் எடை எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுபடி பலகை. மிஷின் நாற்பது காட்டியது. நூற்றி இருபது. “நடுத்தரக் கம்பி” என்றார், நாலு வாரத்தில் நான் கேட்ட முதல் நேரான பதில். அதுவும் கையில் இல்லை, அடித்து வளைத்துத் தர வேண்டும். நாலு நாள். நாலாவது நாள் கம்பியை மாட்டி, எங்களை ரெண்டு தடவை ஏற்றி இறக்கி, முன்சக்கரத் தகட்டுக்கு டேப் வைத்து, கம்பியை இழுத்துப் பிடிக்கிற சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டி, ஒரு கண்ணி குறைத்து, பிறகு “போங்கோ” என்றார். குளக்கரைப் பாதையில் பெரிய பள்ளம் மேடு வந்தால் கம்பியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டச் சொன்னார். பத்திரமாய்ப் போய் வாருங்கள் என்று ஒரு வார்த்தை? இல்லை.

போனோம். புனே தாண்டின மலை ரோட்டில் ஒரு சொகுசு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. நான் ‘சாஸ்தாவே’ என்று ஸ்டீயரிங்கை இறுக்கினேன். பின்னால் ஒன்றும் ஆடவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை நிறுத்தினோம், பெட்ரோல் பங்கில், புளியமரத்தடியில், ஒரு இடத்தில் கல்யாண மண்டபத்து வாசலில். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். நான் வெளியே காவல். உள்ளேயிருந்து குரல் வரும்: “முன்னால ஒண்ணு எடுத்துட்டேன். அடுத்தது பின்னால.”

உத்திரத்தன்று விடிகிற நேரம் அவள் ஈரத் தலையோடு மாவிளக்கை ஏந்திச் சாஸ்தா முன்னால் நின்றாள். சுடர் ஆடவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

திரும்பி வந்து நேராக அவரிடம்தான் போனோம். பொங்கலும் திருநீறும் கொண்டு போனேன். ஆயிரம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டார். “திரும்பி வர்றச்சே மூக்கு என்ன?” என்றார்.

“சார், நல்லபடியா மாவிளக்கு ஏத்தியாச்சு சார்.”

“சரி. மூக்கு என்ன?”

இவர் மாட்டின கொக்கியால் ஒரு பெண்பிள்ளை நேர்ச்சை முடித்துவிட்டு உயிரோடு வந்து நிற்கிறாள், இந்த மனுஷனுக்கு வேண்டியது நம்பர். “பாக்கல சார்” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “நாப்பத்தி ஒண்ணு சார். பலகை கழிச்சு.”

ஊரிலிருந்து கிளம்புகிற அன்று நான் குளத்தில் குளிக்கப் போன நேரம், அங்கே இருக்கிற என் அண்ணன் மகன்களைப் பிடித்து மூக்கை இறக்கி எடை பார்த்திருக்கிறாள். அவர் பென்சிலை எடுத்து, கொட்டகைத் தகரத்தில் ஏற்கெனவே நாற்பது என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்பத்தி ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பொங்கலை அப்புறம்தான் வாயில் போட்டார். மூன்று உருண்டை சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று உத்திரம் போய்விட்டு வந்தோம். இப்போது அந்தக் கொட்டகை வரிசையே இல்லை. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று இடித்துவிட்டார்கள். ‘கொக்கி’ நம்பரைப் போட்டால் யாரோ ஒரு பெண் மராட்டியில் பேசுகிறாள். மாட்டுங்காவில் கோயில் வாசலிலும் பூக்கடையிலும் கேட்டுப் பார்த்தேன். ‘பேர் என்ன?’ என்கிறார்கள். பேர் இல்லாமல் எப்படித் தேடுவது? ஒரு பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளாத என்னை நானே நொந்துகொள்கிறேன்.

இந்த வருஷம் அவர் எனக்கு வேண்டும். என் மனைவிக்கு இப்போது ராத்திரி தூங்கும்போது தானே பை மாற்றுகிற மிஷின் வந்திருக்கிறது. அது ஓட ரெண்டு பேட்டரி, ஒரு இன்வர்ட்டர், முன்னைவிடப் பெரிய பைகள். பாரம் எல்லாம் மாறிவிட்டது. பழைய கம்பி தாங்குமா, மாற்ற வேண்டுமா? குர்லாவில் நாலு கடை, செம்பூரில் ஒரு கடை ஏறி இறங்கினேன். ட்ரெய்லருக்குள் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. “ஹோ ஜாயேகா அண்ணா. டென்ஷன் மத் லோ.” கவலைப்படாதே என்கிறார்கள். நான் “மூக்கு எத்தனைன்னு பாருங்கய்யா” என்று கத்துகிறேன். ஒருத்தன் என் மூக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு அடி ரோட்டில் நிறுத்தி, சந்துக்கும் ரோட்டுக்குமாகச் சுமந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். சாமி சாமான் நடுவில். பேட்டரிக்கு இடம் இல்லாமல் முன்னால் வைத்தேன். பலகை, செங்கல், அவளுடைய எடை மிஷின். மூக்கை நானே இறக்கினேன். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

மூன்றால் பெருக்கினேன். பலகையைக் கழித்துப் பார்த்தேன். மறுபடி பெருக்கினேன். எப்படிப் பெருக்கினாலும் கூடத்தான். உத்திரத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் இறக்கி, பேட்டரியை நகர்த்தி, முதலிலிருந்து ரொப்ப வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆட்டோக்காரன் ஒருவன் ரோட்டை மறிக்கிறேன் என்று ஹாரன் அடிக்கிறான். எனக்கு அந்தக் கொட்டகை மனுஷன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதையெல்லாம் கற்றுக் கொடுத்துவிட்டு எங்கே போய்த் தொலைந்தார்?

ஜீப்பில் முன் சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். எடை சரியானதும் முன்சக்கரத் தகட்டை அளக்க வேண்டும் என்று அவளை ஏற்றி வைத்திருந்தேன்.

“எத்தனை?” என்றாள்.

“கூட இருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும். நீ எறங்கி வீட்டுக்குப் போளா. சுமாரா சரியாப் போச்சுன்னா கூப்பிடுதேன்.”

அவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினாள், உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு. அப்படியே வைத்திருந்தாள்.

நான் பேட்டரியைக் கீழே இறக்கப் போனேன்.